சிவப்பு மையில் நான் எழுதிய ‘கவனக்குறைவு’

2023 ஜனவரி முதல் வாரம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள், என் மகள் கணக்கு விடைத்தாளை என்னிடம் காட்டாமல் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். அவள் அப்போது பிளஸ் டூ. நான் நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு டீச்சர். பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் கணக்கில் 94 வாங்கியவள், இந்த முறை எழுத்துத் தேர்வில் 90-க்கு 57.

நான் கேட்ட முதல் கேள்வி, “எங்கடி போச்சு உன் புத்தி?” அதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

அவள் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டாள். நான் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். தொகையிடல் கணக்கில் முறை சரி, இரண்டாம் வரியில் கழித்தல் குறியைக் காணோம். ஓரிடத்தில் ஏழெட்டு ஐம்பத்து நான்கு. இன்னோரிடத்தில் வினாத்தாளில் 3 என்று இருந்ததை 5 என்று எடுத்தெழுதி, அந்த 5-ஐ வைத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் பிசகில்லாமல் போட்டிருந்தாள். ஓரத்தில் அவளுடைய டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: கவனக்குறைவு.

அது என்னுடைய சொல்லும்தான். எத்தனை விடைத்தாள்களில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எழுதும்போதெல்லாம், ‘இவன் மட்டும் கொஞ்சம் அக்கறையாக இருந்தால்’ என்றுதான் நினைத்திருக்கிறேன். ஆனால் என் மகளுக்கு அக்கறை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. காலை நான்கு மணிக்கு அவள் மொட்டை மாடி விளக்கைப் போடும் சத்தத்தில்தான் அப்போது தினமும் நான் கண் விழித்தேன்.

அன்று இரவு பென்சிலை எடுத்து, போன 33 மதிப்பெண்ணையும் மூன்றாகப் பிரித்தேன். உண்மையிலேயே தெரியாமல் விட்டது, தெரிந்தும் சறுக்கியது, நேரம் போதாமல் விட்டது. தெரியாதது வெறும் 11. சறுக்கியது 14. நேரம் போதாதது 8. அதாவது, போனதில் மூன்றில் இரண்டு பங்கு அவளுக்குத் தெரிந்த கணக்கிலேயே போயிருந்தது. இதைப் படிக்கிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பிக்காதீர்கள், விடைத்தாளைப் பிரித்து இப்படிக் கூறு போட்டுப் பாருங்கள். தெரியாமல் போனதற்குப் படிப்பு மருந்து. தெரிந்தும் சறுக்கியதற்கு இன்னும் நான்கு மணி நேரம் படி என்றால் அது நோயைக் கூட்டும்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. சீப்பில் சுற்றிக்கொண்டு வரும் முடி. காலையில் இட்லியைப் பார்த்தால் குமட்டல், தேர்வு நாளில் வயிற்று வலி. இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதையே அவள் அப்பாயி, அதாவது என் மாமியார், சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனோம். ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் பேசினார். வெளியே வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பொண்ணு எத்தனை மணி நேரம் தூங்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

பதினொன்றரைக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்துகொண்டிருந்தாள். நான்கரை மணி நேரம். அதை நான் பெருமையாக ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறேன்.

அந்த செட் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கொரோனாவால் 2021-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்றவர்கள் அவர்கள். மூன்று மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் கையிலிருந்து போயிருந்தது. பிளஸ் ஒன் தேர்வுதான் அவர்கள் பார்த்த முதல் பொதுத்தேர்வு. அடுத்த ஒன்பது மாதத்தில் பிளஸ் டூ. ‘முன்னாடி செட்டெல்லாம் எழுதலையா’ என்று நாங்கள் சொன்னது எவ்வளவு பொருந்தாத பேச்சு.

பயம் வந்தால் ஏன் கழித்தல் குறி காணாமல் போகிறது என்பதை நான் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஒரு கணக்கைப் போடும்போது முந்தின வரியில் வந்த எண், அதன் குறி, அடுத்து செய்ய வேண்டிய படி, இவ்வளவையும் கொஞ்ச நேரம் மனதில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். உளவியலில் இதைச் செயல்நினைவு என்கிறார்கள். அந்த இடம் எல்லோருக்குமே சின்னது. ‘குறைஞ்சுட்டா என்ன பண்றது’, ‘பக்கத்துல அவ அடிஷனல் ஷீட் வாங்கிட்டா’ என்கிற நினைப்புகளும் வந்து அதே இடத்தில்தான் உட்காருகின்றன. முறை எங்கும் போவதில்லை, அது ஆழத்தில் பதிந்தது. கையில் தற்காலிகமாகப் பிடித்திருக்கிற குறியும் எண்ணும்தான் நழுவுகின்றன. அவளுடைய தாளில் அப்படியே இருந்தது.

பயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பில் தேர்வைப் பற்றித் துளியும் கவலைப்படாத பிள்ளைகளும் உண்டு, அவர்களை உட்கார வைக்கக் கொஞ்சம் பதற்றம் வேண்டும்தான். 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனை இதைத்தான் காட்டியது: தூண்டுதல் ஓரளவு வரை உதவும், அளவு மீறினால் கெடுக்கும். அதுவும் செய்கிற வேலை கடினமாக இருந்தால் சீக்கிரமே கெடுத்துவிடும். என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, “இதுக்கு எலி எதுக்கு? காய்ச்சலும் பாய்ச்சலுமா இருந்தாத்தான் பயிர் தூர் கட்டும். நீ தண்ணிய வடிய விடாம கட்டியே வச்சிருக்க” என்றார். எங்களுக்குக் கோரையாற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர். வயலை நடுநடுவே காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால்தான் பயிர் பக்கக் கிளை விட்டுப் பெருகும். அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

முதலில் தூக்கத்தை மாற்றினோம். பத்து மணிக்கு விளக்கு அணையும், ஐந்தரைக்கு எழுந்தால் போதும். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை, அழுதாள். மூன்று மணி நேரம் போகிறதே என்றாள். படித்தது மூளையில் நிலைப்பதே பெரும்பாலும் தூக்கத்தில்தான் என்று டாக்டர் அம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். முதல் வாரம் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். நானும் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் தூக்கம் வந்தது.

அடுத்தது, படிக்கிற விதம். அவள் ஒரு பாடத்தை ஐந்து முறை, ஆறு முறை வாசிப்பாள், ஹைலைட்டரால் பக்கம் முழுக்க மஞ்சளாக்குவாள். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வறையில் வராது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குப் பதில் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. அதனால் ஒருமுறை படி, புத்தகத்தை மூடு, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுது, அப்புறம் திறந்து விட்டதைப் பார் என்று மாற்றினோம். முதலில் இது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. எவ்வளவு தெரியாது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடுகிறதே. ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து மறந்து போவதால் எந்த நஷ்டமும் இல்லை. பத்து நாளில் அந்தப் பயம் தணிந்தது. படிக்கும் நேரமும் குறைந்தது.

அவளுடைய பள்ளியில் தினமும் ஒரு ஸ்லிப் டெஸ்ட். மாலை ஆறு மணிக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர், மதிப்பெண், ரேங்க் வரிசை வந்துவிடும். நாற்பது குடும்பமும் அதைப் பார்க்கும். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதையே தமிழ்நாட்டு அரசு 2017-இல் நிறுத்திவிட்டது, ஒரு வகுப்புக்குள் இது எதற்கு என்று வகுப்பாசிரியரிடம் போய்க் கேட்டேன். சண்டை போடவில்லை, நானும் ஒரு டீச்சராகத்தான் பேசினேன். அவரும் மேலே இருப்பவர்கள் சொல்வதைச் செய்கிறவர்தான். பட்டியலை நிறுத்த முடியவில்லை. நாங்கள் அந்தக் குழுவை வீட்டில் யாரும் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். விடைத்தாள் கைக்கு வந்தால் போதும்.

இப்படி ஜனவரி முடிந்தது. அப்புறம்தான் மழை வந்தது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு அந்தப் பிப்ரவரி முதல் வாரம் மறந்திருக்காது. சம்பா அறுவடைக்கு நின்ற நேரம். பருவம் தவறிய மழை மூன்று நாள் பெய்து, தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று நான்கு மாவட்டத்திலும் கதிரோடு நெல் சாய்ந்தது. எங்கள் மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கருக்கு மேல் தண்ணீரில் படுத்துவிட்டது. மிஷின் இறங்க முடியாது. அறுத்தாலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பது கஷ்டம். இரவு சாப்பிடும்போது வீட்டில் இதே பேச்சு. பிள்ளைகளுக்கு முதல் திருப்புதல் தேர்வு முடிந்து இரண்டாம் திருப்புதல் நெருங்கியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் எப்போதுமே இப்படித்தான். அறுவடையும் பொதுத்தேர்வும் ஒன்றன் பின் ஒன்றாக வரும். வயலில் போனதை யாரும் அறியாமலே பிள்ளையின் தலையில் தூக்கி வைக்கிற காலம் அது.

அந்த நேரத்தில் ஒரு வேலையை அவளுக்குப் பழக்கியிருந்தேன். ராமிரெஸ், பைலாக் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன்னால் பத்து நிமிடம் தங்கள் பயத்தை ஒளிக்காமல் தாளில் எழுதிய மாணவர்கள், அதிலும் அதிகம் பயப்படுகிறவர்கள், நன்றாக எழுதினார்கள் என்று படித்தேன். பழைய ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுது, எழுதிவிட்டுக் கிழித்துப் போடு, யாரும் படிக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தேன். ஒருநாள் அவள் கிழிக்க மறந்து மேசையிலேயே விட்டுப் போய்விட்டாள். நான் படித்தேன். படித்திருக்கக் கூடாது. அன்று மாலையே அவளிடம் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அதில் கணக்கைப் பற்றி ஒன்றுமே இல்லை. மூன்று வரிதான். “அப்பா அப்பாயிகிட்ட சொன்னாங்க. நெல்லுதான் படுத்துடுச்சு, புள்ளையாவது நம்மள நிமித்தட்டும்னு. நான் 90 எடுத்தா லோன் எவ்வளவு அடையும்?”

என் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு வெகுநேரம் தாளை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். மனத்தாங்கலில் சொன்ன ஒரு வார்த்தை அது, சொன்னதே அவருக்கு நினைவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் உட்கார வைத்து வயலுக்குக் கூட்டிப் போனார். சாய்ந்த நெல்லைக் காட்டினார். வரப்பில் உட்கார்ந்து கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் எவ்வளவு, உரக்கடையில் பாக்கி எவ்வளவு, நின்ற பயிரில் என்ன வரும், என் சம்பளத்தில் என்ன போகும் என்று ஒன்று விடாமல் சொன்னாராம். சேதத்துக்கு அரசு நிவாரணம் அறிவித்திருந்தது, அதையும் சொன்னாராம். அவள் வந்து என்னிடம் சொன்னது இது: “அப்பா சொன்னாங்கம்மா, இது என் கணக்கு தாயி, நான் போட்டுக்குவேன். உன் கணக்கு வேற, அதுல இத எடுத்து எழுதாத.”

வினாத்தாளில் இருந்த 3-ஐ 5 என்று எடுத்தெழுதியது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பிள்ளைகளிடம் வீட்டுக் கஷ்டத்தை மறைப்பதால் பயனில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அரைகுறையாகக் காதில் விழுவதுதான் அவர்களைத் தின்கிறது. முழுத் தொகையைச் சொல்லிவிட்டு, இதை அடைப்பது உன் வேலை இல்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அது ஓரளவில் நிற்கிறது.

பிப்ரவரி கடைசியில் அப்பாயி ஆசைப்பட்டதால் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போனோம். பேனா, நோட்டு என்று வரிசை வரிசையாகக் குடும்பங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு பெரியவர்கள் சத்தமாக வேண்டிக்கொள்கிறார்கள்: 580 வரணும், கணக்கில் சென்டம் வரணும். பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அம்மன் காதில் விழுவதற்கு முன்னால் அது யார் காதில் விழுகிறது என்று. நாங்கள் எண் எதுவும் சொல்லவில்லை. “என்னம்மா வேண்டிக்கிட்ட?” என்று திரும்பி வரும்போது கேட்டேன். “சைன் மிஸ் ஆகக் கூடாதுன்னு” என்றாள்.

தேர்வறைக்கென்று மூன்று விஷயம் மட்டும் பழகினோம். பத்து மணிக்கு வினாத்தாள் தந்தவுடன் படிப்பதற்கென்றே பத்து நிமிடம் உண்டு. அதில் கடினமானதைத் தேட வேண்டாம், நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து அதில் தொடங்கு. கை நடுங்கினால் மூச்சை இழுப்பதை விட விடுவதை நீளமாக்கு, நான்கு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. ஒரு கணக்கை முடித்ததும் வினாத்தாளில் இருக்கும் எண்ணையும் விடைத்தாளின் முதல் வரியையும் விரலை வைத்து ஒத்துப் பார். இந்த மூன்றாவது மட்டுமே அவளுக்குப் பல மதிப்பெண் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. வீட்டில் எங்களுக்கும் ஒரு பாடம் இருந்தது. தேர்வு எழுதிவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “எப்படி எழுதின, எவ்வளவு வரும்?” என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டியா என்று கேட்கலாம். மாமா, சித்தப்பா போன் செய்தால் நானே எடுத்துப் பேசிவிடுவேன்.

என் பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மகளுக்குப் பயம் வந்தால் நான்கு மணிக்கு எழுவாள். என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயம் வந்தால் பள்ளிக்கு வர மாட்டார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கே மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்று செய்தி வந்ததே, அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. என் வகுப்பில் ஒரு பையன். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவன் பெயர் எப்போதும் இருக்கும். ஜனவரி கடைசியிலிருந்து ஆளைக் காணோம். தேடிப் போனபோது அம்மா வயலுக்குப் போயிருந்தார், அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். “ஏன்டா தம்பி வரல?” என்றதற்கு வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னான், “கேள்வித்தாள கையில வாங்குனாலே வேர்க்குது மிஸ். எழுத்தே தெரிய மாட்டேங்குது.”

அவனிடம் படி படி என்று சொல்லவில்லை. மாலையில் காலி வகுப்பறையில் உட்கார வைத்து, வினாத்தாளைக் கையில் கொடுத்து, எழுத வேண்டாம், சும்மா படி என்றேன். நான்கைந்து நாள் அவ்வளவுதான். பிறகு தெரிந்த ஒரே ஒரு கேள்வி. பிறகு இரண்டு. மார்ச்சில் எல்லாத் தேர்வும் வந்து எழுதினான், கணக்கில் மட்டும் போய்விட்டது. ஜூனில் துணைத் தேர்வு எழுதித் தேறினான். தோற்றால் அடுத்த மாதமே எழுதலாம், வருடம் வீணாகாது என்பது அவன் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. இதைத் தேர்வுக்கு முன்னாலேயே ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிவிட வேண்டும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப் போனாலோ, இருந்து என்ன ஆகப் போகிறது என்கிற மாதிரி ஒரு சொல் வாயில் வந்தாலோ, காத்திருக்கவே கூடாது. 104-க்கோ 14416-க்கோ கூப்பிட்டால் ஆலோசகர்கள் பேசுவார்கள், காசு கிடையாது. நானே அவனுக்காக ஒருமுறை 104-இல் பேசியிருக்கிறேன்.

டிசம்பர் 22-இல் கணித தினம் கொண்டாடும்போது வருடா வருடம் ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றதைச் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுப்பேன். கும்பகோணம் எங்களுக்குப் பக்கம், அவர் எங்கள் ஊர்க்காரர் மாதிரி. மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போய்விட்டது, 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். அந்த ஓட்டத்தை இத்தனை வருடம் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அங்கேயே நின்று பேசுகிறேன். பதினேழு வயதுப் பையன் வீட்டை விட்டு ஓடுகிற அளவுக்கு என்ன பட்டிருப்பான் என்று கேட்டால், பிள்ளைகள் அமைதியாகிவிடுகிறார்கள். கை தூக்கிப் பேசுகிறவர்களும் உண்டு.

மே 8-ஆம் தேதி முடிவு வந்தது. மகளுக்குக் கணக்கில் 91. வேறு வருடமாக இருந்தால் மீதி 9 எங்கே என்று கேட்டிருப்பேன். அப்புறம் திருச்சியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள், முடி மறுபடி அடர்த்தியாகிவிட்டது.

விடைத்தாளில் நான் இப்போது ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதில்லை. குறி விட்டுப்போன இடத்தை வட்டமிட்டு, “இந்த வரி எழுதும்போது என்ன நினைப்பு?” என்று எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். பதில் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாதிப் பேர் எழுதுகிறார்கள். “அடுத்த கேள்வி தெரியலையேன்னு.” “அக்கா திட்டும்னு.” போன திருப்புதலில் பிளஸ் ஒன் பையன் ஒருவன் ஒரே சொல் எழுதியிருந்தான்: “பசி.”

சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவன் அவன். ஸ்டாஃப் ரூமில் என் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து கடலை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். தேர்வு நாளில் ஒன்பதரை மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று மூன்று வகுப்பிலும் சொல்லியாகிவிட்டது.